தவநாதனின் காற்சட்டை

சிவனேஸ்வரி அக்கா தன் கணவரின் இடுப்பளவை வருஷத்துக்கு ஒருமுறை கால் அங்குலம் கூட்டுவார். கணவரைக் கண்ணால் பார்த்துப் பதினைந்து வருஷமாகிறது. அதற்காக மனிதர் உடம்பு வைக்காமல் இருப்பாரா என்பது அக்காவின் கேள்வி.

அந்தக் காற்சட்டையை என் கையில் கொடுத்து உட்புறத்தைக் காட்டியது அவர்தான். எங்கள் ஊரில் காற்சட்டை என்றால் பள்ளிக்கூடப் பையன் போடும் அரைக்கால் துணி. இலங்கைத் தமிழர்களான இவர்களுக்கு அது கணுக்கால்வரை வருவது. சாம்பல் நிறம். இடுப்பின் பின்பக்கத் தையலில் கோடு கோடாக நூல் ஓடியது. வருஷத்துக்கு ஒரு நிறம். நீலம் 2010, பச்சை 2011. சிவப்பு மட்டும் உள்ளே தள்ளி ஓடியது.

"அது கொரோனா வருஷம், தம்பி. அப்ப அவர் மெலிஞ்சிருப்பார்" என்றார்.

தலையை ஆட்டினேன். ஆடின தலை வீட்டுக்கு வந்த பிறகும் நிற்கவில்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் மாதவன். ஊர் மன்னார்குடி, இருப்பது லண்டன் ரெய்னர்ஸ் லேனில். வங்கி ஒன்றின் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது வேலை. அலுவலகத்து நண்பர் ஒருவர் "நாடகக் குழுவுக்கு லைட் போட ஆள் வேணுமாம்" என்றதும், பொன்னியம்மன் திருவிழாவில் சீரியல் விளக்கு கட்டின தைரியத்தில் போய்ச் சேர்ந்தேன். குழுவின் பெயர் வெறும்மேடை. அதை நடத்துபவர் சச்சிதானந்தன். எல்லாருக்கும் சச்சி அண்ணை.

சச்சி அண்ணை 1985இல் மாணவராக லண்டனுக்கு வந்தவர். வந்த புதிதில் இங்கே தமிழ் நாடகம் என்றால் அரண்மனை எழுதின திரைச்சீலை, மூன்று ராஜா, நாலு பாட்டு, இடைவேளையில் ரோல்ஸும் தேநீரும். இவர் திரையைக் கழற்றினார். ராஜாவை இறக்கினார். நாற்காலியைக்கூட எடுத்துவிட்டு, ஒரு மனிதனையும் ஒரு விளக்கையும் மட்டும் விட்டார். முதல் காட்சிக்குப் பதினொரு பேர் வந்தார்களாம். முடிந்ததும் ஒருவர் எழுந்து, மேடை அலங்காரத்தைத் தேடி, "செற் எப்ப வரும்?" என்று கேட்டாராம். அப்போதும் அண்ணை அசையவில்லை. ஆண்டுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார். பதினொன்று ஐம்பதானது, ஐம்பது இருநூறானது. இப்போது அவருடைய நாடகம் புரியவில்லை என்று சொல்வதற்கே ஆட்கள் நாற்பது மைல் கார் ஓட்டி வருகிறார்கள்.

சிவனேஸ்வரி அக்கா குழுவின் உடுப்புக்குப் பொறுப்பு. செவன் கிங்ஸில் உலர்சலவைக் கடை ஒன்றின் ஜன்னலோரம் தையல் இயந்திரம் போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரர்களின் கால்நீளத்தைக் குறைத்துக்கொண்டிருப்பார். வயது ஐம்பத்துமூன்று. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தில் தாலியும் அளவு நாடாவும் ஒன்றாகக் கிடக்கும்.

கணவர் தவநாதன் கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்தவர். 2009 மே மாதம், யுத்தம் முடிந்த வாரம், ஒரு பாலத்தடியில் ஆண்களைத் தனியாகப் பிரித்துப் பேருந்தில் ஏற்றினார்கள். "நீ போ, நான் பின்னாலை வாறன்" என்று சொல்லிவிட்டு ஏறினார். அந்தப் பேருந்தில் ஏறின ஒருவரும் இதுவரை வரவில்லை. அக்காவிடம் மிஞ்சியது அவருடைய கலியாண எழுத்துக்கு, அதாவது பதிவுக்கு, அக்காவே தைத்த காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும். அந்தக் காற்சட்டையின் உள்ளே மூன்று விரல் துணி விட்டுத் தைத்திருந்தார். கலியாணத்துக்குப் பிறகு ஆம்பிளையள் ஊதிப்போவினம் என்ற முன்யோசனை.

தனியாக வாழ்கிறவர்களுக்குக் கவுன்சில் வீட்டுவரியில் சலுகை உண்டு. அக்கா அதை வாங்குவதில்லை. படிவத்தில் அந்த வீட்டில் இரண்டு பேர். திதி கொடுக்கவில்லை. இறப்புச் சான்றிதழுக்குக் கையெழுத்துக் கேட்டுக் கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை உறையோடு திருப்பி அனுப்பிவிட்டார். இதெல்லாம் எனக்குச் சிறுகச் சிறுகத் தெரிந்தவை. ஒன்று மட்டும் எல்லாம் முடிந்த பிறகே தெரிந்தது. அது முன்னமே தெரிந்திருந்தால் இதை நான் எழுதவேண்டி வந்திருக்காது.

அது இதுதான். இவர்களுடைய எந்த விழாவும் அகவணக்கத்தோடுதான் தொடங்கும். ஒருவர் ஒலிவாங்கியில், போரில் இறந்தவர்களையும் காணாமல் போனவர்களையும் நினைத்து ஒரு நிமிஷம் எழுந்து நிற்கச் சொல்வார். மண்டபமே எழும். நிமிஷம் முடிந்ததும் "நன்றி, எல்லாரும் இருக்கலாம்" என்பார். இவர்கள் பேச்சில் இருப்பது என்றால் உட்காருவது; அதைச் சொல்லும்வரை ஒருவரும் இருக்கமாட்டார்கள். முப்பது வருஷத்துப் பழக்கம். கால் தானாகவே எழும்.

அந்த ஒரு நிமிஷம் அக்கா கழிவறையில் இருப்பார். எந்த மண்டபமானாலும் சரி. பரதநாட்டிய அரங்கேற்றமானாலும் பிறந்தநாளானாலும் "எழுந்து" என்ற சொல் காதில் விழுமுன் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார். செத்தவர்களையும் காணாமல் போனவர்களையும் ஒரே மூச்சில் சொல்கிறார்களே, அதை அவரால் தாங்க முடியாது. குழுவில் சேர்ந்ததே அதற்காகத்தான். மேடைக்குப் பின்னால் ஊசியும் கையுமாக இருக்கிறவளை யாரும் எழுந்து நிற்கச் சொல்லமாட்டார்கள்.

கடந்த வருஷம் நாங்கள் எடுத்த நாடகம் 'நிற்பவன்'. சச்சி அண்ணை எழுதியது. ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டே, வீடு திரும்பாத ஒருவனைப் பற்றிப் பேசிச் சண்டை போடுகிறது. அவனோ அவர்களின் நடுவில் நாடகம் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறான். ஒரு சொல் பேசுவதில்லை. யாரும் அவனைக் காண்பதுமில்லை. முதல் வாசிப்பு முடிந்தபோது எல்லாரும் தேநீர் ஊற்றப் போனார்கள். அக்கா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"அவருக்கு உடுப்பு நான் கொண்டுவாறன்" என்றார். "தைக்கத் தேவையில்லை. கிடக்கு."

நிற்பவனாக நடித்தவர் அம்பலவாணன். இல்ஃபோர்ட் பக்கம் ஒரு பெற்றோல் ஷெட்டில் காசாளர். நாளைக்குப் பத்து மணிநேரம் நின்று பழகினவர். நிற்பதற்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் இந்த நகரத்தில் இல்லை என்று நாங்கள் கேலி செய்வோம். அக்கா அவரை அளவெடுக்கவில்லை. நாடா கழுத்திலேயே கிடந்தது. காற்சட்டையும் சட்டையும் போட்டுக்கொண்டு அவர் வெளியே வந்தபோது, தோளிலிருந்து கணுக்கால்வரை ஒரு மடிப்புப் பிசகில்லை.

"என்ன பிள்ளை, இஸ்திரி போட்ட சூட்டோடை கொண்டுவந்தனீரோ?" என்று அம்பலவாணன் கழுத்துப்பட்டியைத் தொட்டுப் பார்த்தார். "கொலர் சுடுகுது."

அன்று தைமாதம். மண்டபத்தில் சூடேற்றி வேலை செய்யவில்லை. அந்தச் சட்டை இரண்டு மணிநேரமாக ஆணியில் தொங்கியிருந்தது. நான் கண்ணால் கண்ட சாட்சி.

மூன்றாவது ஒத்திகையில் அம்பலவாணன் இடதுகாலில் பாரம் போட்டு, வலதுமுழங்காலைக் கொஞ்சம் மடித்து நிற்கத் தொடங்கினார். சச்சி அண்ணைக்கு அது பிடித்துப்போயிற்று. "அந்தச் சரிவு நல்லாயிருக்கு. அப்பிடியே வைச்சிருங்கோ" என்றார். ஓரத்தில் ஊசிப்பெட்டி விழுந்து தெறித்தது. நான் குனிந்து ஊசி பொறுக்க உதவினேன். அக்காவின் முகமோ கலியாண வீட்டு முகம்.

"அவருக்கு வலதுமுழங்காலிலை செல் வெடிச்ச துண்டு கிடக்கு, தம்பி. இப்பிடித்தான் நிப்பார். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அம்பலம் அண்ணைக்கு மூட்டுவலி இருக்கும் அக்கா. நின்னு நின்னே வேலை செய்யறவர்" என்றேன்.

"ஓம், இருக்கும்" என்று சிரித்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல.

அதன் பிறகு எனக்கு அந்த ஒத்திகைகள் பிடிக்கவில்லை. பயமாக இருந்தது என்றே சொல்லிவிடுகிறேன், வெட்கம் என்ன. ஒத்திகை முடிந்ததும் அக்கா அந்த உடுப்பைத் துவைக்கக் கொடுப்பதில்லை. உடுப்புத் தாங்கியில் மாட்டி, பேருந்தில் தன் பக்கத்து இருக்கையின் கைப்பிடியில் நிமிர்த்தித் தொங்கவிட்டுக் கொண்டுபோவார். ஒருநாள் நானும் அதே பேருந்தில் ஏறினேன். அந்த இருக்கை ஒன்றுதான் காலி. நான் நின்றுகொண்டே வந்தேன். இறங்கும்போது "இண்டைக்கு அவர் நல்லாக் களைச்சுப்போனார்" என்றார் அக்கா. அம்பலவாணனைச் சொல்கிறார் என்று என் மனதுக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்டேன்.

அரங்கேற்றத்துக்கு முந்தின வாரம் சச்சி அண்ணைக்கும் மண்டபத்துச் சங்கத்துக்கும் சண்டை. விளக்கேற்றல் இல்லை, பொன்னாடை இல்லை, அகவணக்கம் இல்லை என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். "நாடகம் இருட்டிலை தொடங்கும். ஒரு வெளிச்சம். ஒரு மனிசன். ஒரு நிமிஷ அமைதி. அதுக்கு முன்னாலை ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது." கடைசியில் அண்ணைதான் வென்றார். அதைக் கேட்டு எல்லாரையும்விட மகிழ்ந்தது அக்கா.

"இந்த முறை நான் துவக்கத்திலை இருந்தே ஓரமா நிண்டு பாக்கலாம்" என்றார் என்னிடம். ஏன் இத்தனை சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. "ஒருக்கா அவர் வெளிச்சத்திலை நிண்டு நான் பாக்கோணும், தம்பி. அவர் இல்லையெண்டு உலகம் முழுக்கச் சொல்லட்டும். என்ரை கண்ணுக்கு முன்னாலை ஒருத்தரும் சொல்லக் கூடாது. அது ஒண்டுதான் நான் கேக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி. செவன் கிங்ஸ் பக்கத்துப் பள்ளி மண்டபம். இருநூற்றுப் பத்துப் பேர். நான் பின்சுவரோரம் மேடைபோல் உயர்த்தின பலகையில், விளக்குப் பலகையோடு. மண்டபம் இருண்டது. பேச்சு அடங்கியது. விசையை மெல்லத் தள்ளினேன். அம்பலவாணன் இடதுகாலில் பாரம் போட்டு வெளிச்சத்தில் நின்றார். வெள்ளைச் சட்டை. சாம்பல் காற்சட்டை. அசைவில்லை.

பத்து விநாடி ஆகியிருக்கும். முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். அவர் பக்கத்தில் ஒரு அம்மா. பிறகு அந்த வரிசை. பிறகு எல்லாரும். நாற்காலிகள் ஒவ்வொன்றாக முனகி ஓய்ந்தன. ஒற்றை வெளிச்சம், பேசாமல் நிற்கும் ஒரு மனிதன், ஒரு மண்டப இருட்டு, அமைதி. அவர்கள் கால்களுக்கு இது வேறென்னவாக இருக்க முடியும்? அறிவிப்புத் தேவைப்படவில்லை.

எனக்கு எங்கே இது தெரியும்? பொங்கல் விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிற கூட்டத்திலிருந்து வந்தவன் நான். தொடக்கத்திலேயே எழுந்து நின்று மரியாதை செய்கிறார்களே, என் வெளிச்சம் அவ்வளவு அற்புதமா என்று பூரித்துப்போனேன். நானும் எழுந்தேன். எழுந்ததோடு நிற்காமல், விசையை முழுசாக மேலே தள்ளினேன். நினைத்தால் இன்றும் கை கூசுகிறது.

ஒரு நிமிஷம் முடிந்தது. யாரும் உட்காரவில்லை. இருக்கலாம் என்று சொல்ல ஆளில்லையே. குடும்பமாக நடிப்பவர்கள் உள்ளே வர வேண்டும். அவர்களும் மறைப்புக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றார்கள். கடைசி வரிசையில் சச்சி அண்ணையைத் தேடினேன். நவீன நாடகத்தின் தந்தையும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். இரண்டு நிமிஷம். மூன்று. இருமல்கூட இல்லை. இருநூற்றுப் பத்து முதுகுகள். மூச்சுவிடும் சத்தம் மட்டும் ஒரே சீராக ஏறி இறங்கியது. வெளிச்சத்தில் நின்ற ஆளின் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எட்டு மாதம் பார்த்த முகம்.

அப்போது இடதுபக்க ஓரத்திலிருந்து அக்கா மேடைக்கு வந்தார். வீட்டுச் செருப்பு, கழுத்தில் நாடா. அந்த ஆளுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். மறைக்கப் பார்த்தார். அவர் உயரம் ஐந்தடிகூட இல்லை.

"இருங்கோ" என்றார். குரல் எழவில்லை.

யாரும் அசையவில்லை.

"இருங்கோ! ஏன் நிக்கிறியள்? அவர் இருக்கிறார்! எல்லாரும் இருங்கோ!"

மண்டபம் முழுவதும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தது. முன்வரிசைக் கிழவர் மட்டும், வழக்கப்படி, மெதுவாக "நன்றி, பிள்ளை" என்றார்.

அக்கா விரித்த கை விரித்தபடி நின்றார். அகவணக்கத்தை முடித்துவைத்தது யார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தடுக்க வந்தவள் வாயாலேயே அது முடிந்துவிட்டது. மெல்லத் திரும்பி அந்த முகத்தை அண்ணாந்து பார்த்தார். ஒலிவாங்கி இல்லாமலே எனக்குக் கேட்டது.

"நீங்கள் அம்பலம் அண்ணையெல்லோ."

அவர் கண்ணில் நீர் வழிய "ஓம் பிள்ளை" என்றார். நாடகத்தில் அவருக்கு இல்லாத வசனம். அக்கா நடந்து உள்ளே போய்விட்டார். குடும்பம் வந்தது, சாப்பிட்டது, சண்டை போட்டது. நாடகம் முடிந்தது.

அம்பலவாணன் பிறகு என்னிடம் சொன்னார்: "எனக்கு அசைய ஏலாமக் கிடந்தது, மாதவன். அவ வந்து என்ரை பேரைச் சொல்லுமட்டும் கால் இரண்டும் என்ரை இல்லை."

ஊர் என்ன சொன்னது தெரியுமா? தையற்காரி மேடையேறும் காட்சிதான் உச்சமாம். வாட்ஸப் குழுக்களில் அதை மெச்சி நீளநீளமாக எழுதினார்கள். சச்சி அண்ணை என்னை ஓரங்கட்டி, "அடுத்த காட்சியிலையும் சிவனேஸ்வரி அதைச் செய்வாவோ எண்டு கேட்டுப் பாருமன்" என்றார். கலைக்குக் கண் கிடையாது என்பார்கள். அன்று எனக்கு வந்த கோபத்தில் விளக்குப் பலகையை அவர் தலையில் போட்டிருப்பேன். "நீங்களே கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் கேட்கவில்லை. கேட்க முடியாதென்று அவருக்கும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ஸ்ட்ரெதமில் இரண்டாம் காட்சி. அக்கா ஒரு புதுக் காற்சட்டையோடு வந்தார். வந்ததும் முதல் வேலையாக அம்பலவாணனை நிறுத்தி, கழுத்து நாடாவை எடுத்து இடுப்பை அளந்தார்.

"பழசு எங்கை, பிள்ளை?"

"அது உங்களுக்குக் காணாது, அண்ணை." இவர்கள் பேச்சில் காணாது என்றால் போதாது.

அம்பலவாணன் நம்பாமல் அதை வாங்கிக் காலை நுழைத்துப் பார்த்தார். தொடைக்கு மேல் ஏறவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மடிப்புப் பிசகாமல் நின்ற அதே காற்சட்டை. அக்கா அதை வாங்கி மேசையில் விரித்து நாடாவை வைத்தார். இடுப்பு முப்பது அங்குலம். 2009இல் பேருந்தில் ஏறினவருடைய அளவு.

நான் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். நீலம் இல்லை, பச்சை இல்லை, சிவப்பு இல்லை. ஒற்றை வெள்ளை நூல், முதல் நாள் தைத்தது. உள்ளே மூன்று விரல் துணி அப்படியே மடிந்து கிடந்தது.

"பிரிச்சுத் தைச்சுட்டீங்களாக்கா?"

"நான் தொடேல்லை, தம்பி."

தையலைப் பிரித்தால் ஊசித் துளை தெரியும். சாம்பல் துணியில் கட்டாயம் தெரியும். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். துளை இல்லை. அக்காதான் எல்லாத் தையலையும் பிரித்திருப்பார், துளை மறையத் தேய்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். எங்கள் தொழிலில், காரணம் கிடைக்காத பிழையை மறுபடி வராவிட்டால் மூடிவிடுவோம். இதை நான் இன்னும் மூடவில்லை.

அக்கா அதை நாலாக மடித்தார். எட்டு மாதத்தில் அவர் அதை மடித்து நான் பார்த்ததில்லை.

வாசலில் சச்சி அண்ணை அறிவிப்பு ஒட்டியிருந்தார்: தயவுசெய்து இறுதிவரை அமர்ந்தே இருக்கவும். மண்டபம் இருண்டது. விசையைத் தள்ளினேன். அம்பலவாணன் இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு, புதுக் காற்சட்டையில் நின்றார். யாரும் எழவில்லை.

மூன்றாம் வரிசையில் ஒரே ஒருவர் எழுந்தார். அக்கா மேடை ஓரத்தில் இருப்பார் என்று நினைத்திருந்தேன். கீழே, சனத்தோடு சனமாக, மடித்த துணியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழ அசைந்தார்கள். கையை லேசாகக் காட்டி இருக்கச் சொன்னார். இது அவர் மட்டும் நிற்க வேண்டியது.

ஒரு நிமிஷம் ஆயிற்று. உள்ளே நடிகர்கள் காத்திருந்தார்கள். பதினைந்து வருஷமாகக் அக்கா கழிவறையில் கழித்த நிமிஷங்கள் எத்தனையோ, அத்தனைக்குமாக நான் விசையில் விரலை வைத்தபடி காத்திருந்தேன். அக்காவின் தோள் குலுங்கியது. பிறகு அடங்கியது. பின்னால் திரும்பி, இருட்டில் என்னைத் தேடி, தலையை அசைத்தார்.

"காணும், தம்பி" என்றார்.

நான் விளக்கை இறக்கினேன்.